இரண்டாம் இருக்கையில் நெல் மூட்டை

பூதலூர்ப் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலையில் காவல் வேலை பார்க்கிறேன். ஆலை நின்று பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதற்குள் விமானத்துக்கு மோட்டார் செய்கிறார்கள். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் என்னையே பெரிய ஆளாகப் பார்க்கிறார்கள். இரண்டுமே எனக்குக் கூச்சம். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். யார் கேட்டாலும் 'ஆலையில வாட்ச்மேன்' என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். ஆனால் அந்த மாசி மாதம் அங்கே பார்த்ததையும் மோந்ததையும் வெளியே துப்பாமல் தொண்டை சரியாகாது போலிருக்கிறது. வாயால் துப்ப வராது. அதனால் எழுதுகிறேன்.

என் மகள் அங்கே இன்ஜினியர். தஞ்சாவூரில் படித்து, அந்தக் கம்பெனியில் சேர்ந்து, அவள் சொல்லித்தான் எனக்குக் காவல் வேலை கிடைத்தது. அப்பா கேட்டைத் திறக்க மகள் உள்ளே போவாள். ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த மோட்டார் என்னவென்று அவள்தான் எனக்குச் சொன்னாள். "நம்ம பழைய மொபெட்டுல பாலம் ஏறுறப்ப நான் பின்னால காலை ஊனித் தள்ளுவேன்ல, ஞாபகம் இருக்காப்பா? அதேதான். ஏரோப்ளேன் மேல ஏறுறப்பதான் நிறைய சக்தி வேணும். அப்ப பேட்டரியும் சேர்ந்து தள்ளும். ஏறினப்புறம் பெட்ரோல் இன்ஜின் கரண்ட் பண்ணிக்கிட்டே போகும், பேட்டரிக்கும் ஊட்டும். எண்ணெய் செலவு கம்மி, புகை கம்மி."

"அப்ப முழுசா பேட்டரியிலயே ஓட்ட வேண்டியதுதானே?"

"பேட்டரி கனம்ப்பா. அவ்வளவு பேட்டரி ஏத்தினா ஆளு ஏத்த முடியாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. அந்த வேலையைச் செய்தவர்களைத்தான் சொல்கிறேன்.

எங்கிருந்தோ ஒரு பழைய குட்டி விமானத்தை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். மூக்கில் பெட்ரோல் இன்ஜின், இருக்கைகளுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டி, இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு மோட்டார், அதில் காற்றாடி. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கட்டைவிரல் கனத்தில் ஆரஞ்சு நிறக் கேபிள் இருக்கைக்கு அடியில் போகும். அந்த நிறத்தைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மகள் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தாள். உள்ளே ஓடுகிற கரண்ட் வீட்டுக் கரண்ட் போல இல்லையாம், தொட்டால் தள்ளிவிடாதாம், பிடித்துக்கொள்ளுமாம்.

விமானம் பறக்காது. அதற்கு இன்னும் எவ்வளவோ அனுமதி வேண்டும். ஆலையின் நெல் காயப் போடும் சிமெண்டுக் களம் நீளமாகக் கிடந்தது. அதில் விமானத்தை நிறுத்தி, வாலை ஒரு காங்கிரீட் தூணில் கட்டி, காற்றாடியைச் சுற்றவிட்டுப் பார்ப்பார்கள். எல்லோரும் சுவருக்கு இந்தப் பக்கம், பழைய பாய்லர் அறையில் லாப்டாப் வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். விமானத்துக்குள் ஆள் இருக்கவே கூடாது, அது விதி. அந்த விதியை வெள்ளைப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்ததும் தலைமை இன்ஜினியர்தான், கடைசியில் அதை மீறச் சொன்னதும் அவர்தான்.

ஆள் இல்லாமல் ஓட்டினால் எடை போதாமல் விமானம் தூக்கிக்கொண்டு ஆடியது. இருக்கைகளில் ஆள் கனத்துக்கு ஏதாவது வைக்க வேண்டும். மணல் மூட்டை வைக்கலாம் என்றால், காவிரி மணலை ஒரு மூட்டை எடுத்துவந்தாலும் ஆயிரம் கேள்வி. தவிர மணல் துகள் மோட்டாருக்குள் போனால் ஆபத்து. கல் வைத்தால் இருக்கை கிழியும். எல்லோரும் யோசித்துக்கொண்டு நின்றபோது மகள்தான் சொன்னாள்.

"நெல்லு மூட்டை வைப்போம் சார். சணல் சாக்கு, வழுக்காது. எடையும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

தலைமை இன்ஜினியருக்கும் இந்தப் பக்கந்தான். திருவாரூர்ப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். அவர் கையைத் தட்டி, "பாத்தீங்களா, டெல்டா மூளை! வெளியூர்க்காரனுக்கு இது தோணுமா?" என்றார். தோன்றியிருக்காது என்பதுதான் உண்மை. வேறு ஊராக இருந்தால் வேறு எதையாவது வைத்திருப்பார்கள், இத்தனை அசிங்கமும் நடந்திருக்காது.

அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்பிய நெல்லைப் பக்கத்து வயல்காரர் எங்கள் களத்து ஓரத்தில் குவித்து வைத்திருந்தார். அதிலிருந்தே சில மூட்டை வாங்கி ஏற்றினார்கள். இரண்டு இருக்கையிலும் ஒவ்வொன்றை உட்கார வைத்து பெல்ட் போட்டார்கள். மற்றதை இருக்கைக்குப் பின்னால், ஆரஞ்சுக் கேபிள் போகிற இடத்தில் அடுக்கினார்கள். ஈர நெல் என்று ஏற்றியவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு நாள் இரண்டு நாள் விஷயம் என்று எல்லோரும் நினைத்தோம். யாரும் இறக்கவில்லை.

வெயிலில் கண்ணாடி மூடிய விமானத்துக்குள் ஈர நெல் என்ன ஆகும்? வெந்தது. புளித்தது. சாக்கு இடுக்கில் முளை வெளியே வந்து, வெளிறிப்போய்ப் புழு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் திறந்தால் சாராய ஊறல் பானையைத் திறந்தது போல ஒரு வாடை முகத்தில் அடிக்கும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூட்டையை மாற்றவில்லை. காரில் தொங்கவிடுகிற மல்லிகை வாசனை அட்டை ஒன்றை வாங்கி வந்து கண்ணாடியில் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு புளித்த மல்லிகை.

அறுத்த வயலில் எலிக்கு வேலை இல்லை. எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. வயல் எலி என்றால் சின்னதாக நினைக்காதீர்கள். நெல் தின்று கொழுத்து, பூனைக்குட்டி அளவு இருக்கும். எலி வந்த முதல் நாள் காலையில் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போகிறேன், விமானத்தின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. பின்னால் வந்த இளம் இன்ஜினியர் ஒருவர், எப்போதும் கிண்டல் பேசுகிறவர், போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"அண்ணே, பைலட் வந்துட்டாரு. சல்யூட் அடிங்க."

"வெரட்டணும் சார்."

"இருங்கண்ணே, லைசென்ஸ் வச்சிருக்காரான்னு கேப்போம்."

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். எலி அங்கேயே இருந்தது.

பிறகு பசை அட்டை வாங்கி வந்து உள்ளே வைத்தார்கள். அதில் ஒட்டிக்கொண்ட எலி சாகாது. கத்தும். தோல் பிய்ந்து ரத்தம் வர இழுக்கும். அந்த அட்டைகளைக் காலையில் எடுத்துப்போடுவது என் வேலை. கிண்டல்கார இன்ஜினியர் ஒருநாள் அதில் ஒன்றை அப்படியே, உயிரோடு, சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் விட்டெறிந்தார். அங்கே தேங்கிய மழைத்தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் போட்ட சத்தம் ஆலை வரைக்கும் கேட்டது. இவர் உள்ளே வந்து கையைக்கூடக் கழுவாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்.

அட்டைக்குப் பிறகு மருந்து. மருந்து தின்ற எலி வெளியே வந்து சாகும் என்று கடைக்காரர் சொன்னாராம். எங்கள் எலிகள் விமானத்தைவிட்டு இறங்கவில்லை. எங்கோ உள்ளே செத்தன. அதன்பிறகு அந்த விமானத்துப் பக்கம் யாராலும் நிற்க முடியவில்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் பாய் ஒருநாள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க இது, பொணம் கிணம் வச்சிருக்கீங்களா?"

"எலி பாய்."

"ப்ளேனுக்குள்ளயா? டிக்கெட் எடுத்து ஏறிச்சா, இல்ல வித்தவுட்டா?" என்று சிரித்தார். பிறகு மூக்கைத் தோள் துண்டில் புதைத்துக்கொண்டு, "எம் மவன் துபாய்லேர்ந்து இதுல வந்து எறங்குறதா இருந்தா நான் வேணாம்னு சொல்லிடுவேங்க," என்றார்.

அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் நான் பாட்டுக்குத் தூக்குவாளிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வாரம்தான் பணம் போடப்போகிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும். ஆலைக்கு வெள்ளை அடித்தார்கள். கழிவறைக்குப் புதுக் கதவு வந்தது. களத்தில் என்னைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள். தலைமை இன்ஜினியர் விமானத்தைச் சுற்றி நடந்து வந்து, வாயை மூடிக்கொண்டு, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, செத்தது எங்க இருக்குன்னு பாத்து எடுத்துடுங்க. யாரும் கை விட மாட்டேங்கிறாங்க."

மகள் பேட்டரி இணைப்பைப் பிரித்து, கரண்ட் இல்லை என்று கருவி வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் ஏறினேன். மூட்டைகளை நகர்த்தினேன். அடி மூட்டை கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே நெல் கட்டிகட்டியாகக் கறுத்து, பூசணம் பிடித்து, தொட்டால் சூடாக இருந்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. வெளியே இழுத்தால் வால்தான் வந்தது, மீதி உள்ளேயே நின்றது. அதற்கு மேல் எழுத வேண்டாம். களத்து ஓரம் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து மீதியையும் எடுத்தேன்.

அதற்குப் பின்னால் கூடு இருந்தது. இருக்கைப் பஞ்சையும் சணலையும் கடித்துப் போட்டுக் கட்டிய கூடு. அதில் கண் திறக்காத குட்டிகள், தோலுரித்த விரல் மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன. கூட்டைத் தூக்கினேன். அடியில் ஆரஞ்சுக் கேபிள். அதன் மேல்தோலை எலி சுரண்டி, உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. ஒரு இடத்தில் மட்டுமல்ல, பல இடத்தில்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. போய்த் தலைமை இன்ஜினியரை அழைத்து வந்தாள். அவரும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புதுசு எப்ப வரும்?"

"பெங்களூர்லேர்ந்து வரணும் சார். அவங்க வந்துட்டுப் போனப்புறம்தான் வரும்."

"டேப் போடும்மா. ரெண்டு மூணு சுத்து, கெட்டியா. அஞ்சு நிமிஷம் ஓட்டப் போறோம், அமெரிக்காவுக்கா போறோம்?"

"லீக் ஆனா அலாரம் அடிக்கும் சார். இப்பவே அடிக்கும்."

"கழட்டி விடு. அவங்க முன்னால அது கத்திக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

கேபிளில் கரண்ட் கசிந்தால் கத்துவதற்கென்று ஒரு சின்னப் பெட்டி உள்ளே இருந்தது. அதைப் பொருத்தியவள் என் மகள். பொருத்திய நாளில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள். இப்போது அவளே திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏறி, அதன் ஒயரைக் கழற்றினாள். டேப் சுற்றினாள். சுற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூட்டை யோசனை அவளுடையது. அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருந்தது. அது இன்னும் அசிங்கம்.

டேப் போட்டதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சுவருக்குப் பின்னால் இருந்துதானே ஓட்டுவார்கள், எரிந்தால் விமானம்தானே எரியும் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னாள்.

"நாளைக்கு நான் உள்ள உக்காந்து ஓட்டுறேன்ப்பா."

"எதுக்குள்ள?"

"ப்ளேனுக்குள்ளதான். வெறுமன ஓட்டுனா பொம்மை மாதிரி இருக்காம். ஆளு உக்காந்து ஓட்டுனாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வருமாம். பொண்ணா இருந்தா போட்டோவுக்கும் நல்லா இருக்கும்னு சார் சொன்னாரு."

என் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. கையை எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவியும் எலி நாற்றம் போகவில்லை, அதோடு பிசைந்த சோறு. "அந்த ஒயரு உன் சீட்டுக்கு அடியிலதானே பாப்பா போவுது?" என்றேன்.

"டேப் போட்ருக்குப்பா."

"அலாரம்?"

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தாள். என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னடி அலாரம்?" என்று கேட்டாள். மகள், "ஒண்ணும் இல்லம்மா, ஆபீஸ் விஷயம்," என்று எழுந்து கைகழுவப் போனாள். அவளிடம் போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நீங்க வாட்ச்மேன்ப்பா, இது உங்களுக்குப் புரியாது என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதுவரை அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லும்படி வைக்கவும் எனக்கு மனசில்லை.

மறுநாள் காலையிலேயே மூட்டைகளை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், முளைவிட்ட நெல்லைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நான் இறக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் போட்டேன். விமானத்துக்குள் சென்ட் அடித்தார்கள். ஒரு பாட்டில் முழுவதும். எலிப் பிணத்தின் மேல் ரோஜாப்பூ வைத்தது மாதிரி இருந்தது.

அவர்கள் வந்தார்கள். கண்ணாடி மாதிரி துடைத்த செருப்போடு நாலைந்து பேர். இளநீர் கொடுத்தோம். பாதி குடித்துவிட்டு, மட்டையைக் களத்திலேயே உருட்டிவிட்டார்கள். தலைமை இன்ஜினியர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருந்தார். மகள் நீல நிறச் சட்டை போட்டு, காதில் சத்தம் கேட்காத மூடியை மாட்டிக்கொண்டு விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்தாள். போட்டோ எடுத்தார்கள். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள்.

அப்போதுதான் கிண்டல்கார இன்ஜினியர் ஓடிவந்து தலைமை இன்ஜினியர் காதில் சொன்னார். மூட்டைகளை இறக்கியதில் எடை போதவில்லை, இப்படி ஓட்டினால் விமானம் தூக்கிக்கொண்டு ஆடும் என்று. நான் பக்கத்தில் தண்ணீர் தெளித்த வாளியோடு நின்றதால் எனக்குக் கேட்டது.

"தண்ணி கேன் வையுங்க."

"பேட்டரி பக்கத்துல தண்ணியா சார்?"

"சரி, ஒரு ஆள் ஏறி உக்காருங்கப்பா. அந்தப் பக்கத்து சீட்டு சும்மாத்தானே இருக்கு." அவர் கிண்டல்காரரைப் பார்த்தார். "நீ ஏறு."

கிண்டல்காரர் சிரிக்கவில்லை. "எனக்கு... காலைலேர்ந்து வயிறு சரியில்ல சார்," என்றார். அவருக்குப் பின்னால் நின்ற இன்னொருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, "ஹலோ, ஹலோ" என்று நகர்ந்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தலைமை இன்ஜினியர் தான் ஏறுவதாகச் சொல்லவே இல்லை.

அந்த நிமிஷத்தில் என் உடம்பெல்லாம் கூசியது. இவர்கள் எல்லோருக்கும் தெரியும். டேப்பும் தெரியும், கழற்றிய ஒயரும் தெரியும். தங்கள் உடம்பு என்று வந்தவுடன் எல்லோருக்கும் வயிற்றுவலி. ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு வயிறு இல்லையா? செத்த எலியை எடுத்தபோது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு அப்போது வந்தது. எலிக்குத் தெரியாது, பாவம், அது தன் வயிற்றுக்குத் தின்றது.

"நான் உக்கார்றேன் சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். அது கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். முகம் எரிந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டலாமா கூடாதா என்று தெரியாமல், அவிழ்த்துவிட்டுக் கட்டி, மறுபடி அவிழ்த்து, எப்படியோ இறக்கைமேல் கால் வைத்து ஏறினேன். வந்தவர்களில் ஒரு அம்மா கைதட்டினார். ஏதோ வேடிக்கை என்று நினைத்திருப்பார்.

மகள் காதுமூடியை எடுத்தாள். "என்னப்பா?"

"எடை பத்தலையாம்."

"நீங்க எறங்குங்க."

"வேற யாரும் வல்ல பாப்பா."

"அப்பா, எறங்குங்கன்னு சொல்றேன்ல." பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே கேட்காதபடி சொன்னாள்.

"நீ ஓட்டு. அஞ்சு நிமிஷம்தானே."

இருக்கை ஈரமாக இருந்தது. நெல் இருந்த ஈரமா, எலி ஈரமா, சென்ட்டா தெரியவில்லை. வேட்டி வழியாக உள்ளே குளிர்ந்தது. கண்ணாடி மூடியதும் அந்த வாடை முழுவதும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. எனக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காலுக்கடியில்தான் கேபிள். இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சின்ன இருக்கையில், பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

அவள் அதைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த ஸ்விட்சுகளைப் பார்த்தாள். வெளியே தலைமை இன்ஜினியர் கையைச் சுற்றிக் காட்டினார், ஆரம்பி என்று. அவள் கை ஸ்விட்சு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. அவர் மறுபடியும் கையைச் சுற்றினார், இந்தத் தடவை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திறந்தாள். "இன்னிக்கு ஓட்ட முடியாது சார்," என்றாள். நல்ல சத்தமாக, தமிழில்.

தலைமை இன்ஜினியர் முகம் ஒரு விநாடி செத்துப்போனது. நான் நினைத்தேன், அவள் வேலை போயிற்று, என் வேலையும் போயிற்று, இருக்கட்டும். அவர் வந்தவர்கள் பக்கம் திரும்பினார். கைகளை விரித்தார். என்னவோ பேசினார். அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் என்ன சொன்னார் என்று மகள் பிறகு சொன்னாள். 'எங்கள் பாதுகாப்பு விதிகள் அவ்வளவு கடுமையானவை. கடைசி நொடியில் சந்தேகம் வந்தால்கூட, எங்கள் மிகச் சின்ன இன்ஜினியருக்கும் நிறுத்துகிற அதிகாரம் உண்டு. அதை நீங்கள் நேரிலேயே பார்த்துவிட்டீர்கள்.' இப்படிச் சொன்னாராம். அவர்கள் அசந்துபோனார்களாம். மோட்டார் ஓடியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மேசை போட்டு பாயின் பிரியாணி பரிமாறினார்கள். கொல்லைப்புறம் நான் போட்ட மூட்டைமேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் இவர்கள் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். தலைமை இன்ஜினியர் என்னிடம் வந்து தோளில் கைபோட்டார். "சூப்பர்ண்ணே, நீங்க ஏறுனதுதான் ஹைலைட்டு. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு." பிரியாணி எண்ணெய் என் சட்டையில் ஒட்டியது. வயிறு சரியில்லாத கிண்டல்காரர் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினார்.

மகளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். புது ஆறு என்று நாங்கள் சொல்கிற பெரிய கால்வாயின் கரையோடு போகிற சாலை. ஒரு மதகடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஆற்றைப் பார்த்து நின்றாள். தண்ணீர் இல்லை, மணலில் பிளாஸ்டிக் பைகள் கிடந்தன.

"இனிமே அப்படி ஏறாதீங்கப்பா."

"சரி."

"பயந்துட்டேன்."

"எனக்கும்தான்."

"நீங்க ஏறலன்னா ஸ்விட்ச்ச போட்ருப்பேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாள்.

"தெரிஞ்சேவா?" என்று கேட்டேன்.

"அவரு நிக்கிறாரு, அவங்கல்லாம் நிக்கிறாங்க. மூட்டை நான் சொன்னது. நான் எப்படிப்பா முடியாதுன்னு சொல்றது?"

"இன்னிக்கு சொன்னியே."

"அது உங்களுக்காக."

அப்பன் என்ற முறையில் எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். நிறையவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அப்பன் இல்லாமல் ஒரு நெல் மூட்டையாக இருந்திருந்தால், என் மகள் அந்த நாற்றத்துக்குள் தனியாக உட்கார்ந்து, அவர் கையைச் சுற்றியவுடன் விரலை அழுத்தியிருப்பாள். தன் உடம்பு அவள் கணக்கிலேயே வரவில்லை. யார் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது? ஆலையில் சேர்ந்த பிறகா, அதற்கு முன்னாலேயேவா, வீட்டிலா? என்னால் அவளைக் கேட்க முடியவில்லை.

"கேபிள் வந்தப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்தப்புறம் மாட்டி, சுவத்துக்குப் பின்னால நின்னு ஓட்டுவோம். ஓடும்ப்பா. நல்லா ஓடும். நீங்க பாருங்க." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் நிஜமான வெளிச்சம் இருந்தது.

"உள்ள உக்காரச் சொன்னா?"

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள். "ஏறுங்கப்பா, இருட்டுது," என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். மறுநாள் காலை அவளுக்கு முன்னால் போய், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.